பிரிபுனலுக்குப் போகாமல் பிரிப்பது: ஓட்டமுறைத் தொகுப்பில் இடைவழிச் சுத்திகரிப்பு

ஓட்டமுறை என்றால் குடுவையில் கலக்காமல், பம்புகளால் தள்ளி மெல்லிய குழாய்க்குள் ஓடும்போதே வினையை நடத்துவது. அதைப் பற்றி வந்த கேள்வி இது. கேட்டவர் ஒரு மருந்து ஆய்வகத்தில் வேலை செய்கிறார். ஓர் அமிலக் குளோரைடை எத்தில் அசிட்டேட்டில் கரைத்து, நன்றாகக் கரையட்டும் என்று கொஞ்சம் டெட்ராஹைட்ரோஃப்யூரானும் (டிஎச்எஃப்) சேர்த்து, ஒரு பம்பில் நிமிடத்துக்கு 2 மில்லி விடுகிறார். இன்னொரு பம்பில் அதே வேகத்தில் பொட்டாசியம் கார்பனேட் கலந்த நீர். அந்த நீரில் வைன்ரெப் அமைடு (கிரிக்னார்டோடு சேர்ந்தால் கீட்டோனாகும் அமைடு) செய்வதற்கான அமைன், அமிலக் குளோரைடைப் போல 1.2 மடங்கு. வினை இரண்டரை நிமிடத்தில் அருமையாக முடிகிறது. அதன்பின் நீரையும் கரிமக் கரைப்பானையும் ஓட்டத்திலேயே பிரிக்கும் சவ்வுப் பிரிப்பான் ஒன்றை வைத்திருக்கிறார். அதில் கரிம அடுக்கோடு நீரும் சேர்ந்து வந்துகொண்டே இருக்கிறது. அடுத்த படி கிரிக்னார்டு, நீர் பட்டால் கெட்டுவிடும் மெக்னீசியச் சேர்மம். அதற்கு முன் நீரும் போக வேண்டும், மிச்ச அமைனும் போக வேண்டும், எத்தில் அசிட்டேட்டும் போக வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரு குடுவையில் பிடித்து, பிரிபுனலில் குலுக்கி, ரோட்டரி ஆவியாக்கியில் ஏற்றி, பழையபடிதான் செய்கிறாராம். "ஓடிக்கொண்டிருக்கும்போதே சுத்தம் செய்ய நல்ல கருவி எது? கரைப்பானை ஓட்டத்திலேயே ஆவியாக்க என்ன வாங்கலாம்? மிச்ச அமைனைப் பிடிக்க ரெசின் மணிகள் நிரப்பிய குழாய் வாங்கலாமா? படிகமாக்கலையும் ஓட்டத்திலேயே செய்ய முடியுமா?" என்கிறார்.

எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில். கரைப்பானை டொலுவீனுக்கு மாற்றுங்கள். ஏன் என்று சொல்ல ஒரு சின்னக் கதை வேண்டும்.

இபுப்ரோஃபென் எல்லோருக்கும் தெரிந்த வலிநிவாரணி. அதை ஓட்டமுறையில் செய்த இரண்டு குழுக்கள் இந்தச் சிக்கலை நேரெதிர்த் திசைகளில் தீர்த்தன. 2009ல் மெக்குவேட் என்ற வேதியியலாளரின் குழு மூன்று வினைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. நடுவில் எங்கும் சுத்திகரிப்பு கிடையாது. முதல் வினை ஃப்ரீடல்-கிராஃப்ட்ஸ் அசைலேற்றம், அதாவது பென்சீன் வளையத்தில் அசைல் தொகுதியை ஒட்டிக் கீட்டோனாக்குவது. வழக்கமாக அதற்கு அலுமினியம் குளோரைடுதான் போடுவார்கள். ஆனால் அலுமினியம் உள்ளே இருந்தால் அடுத்தடுத்த படிகளைக் கெடுக்கும். அதனால் டிரிஃப்ளிக் அமிலத்துக்கு மாறினார்கள். இரண்டாவது வினைக்கும் அமிலம் தேவை, எனவே முதல் வினையின் கழிவே இரண்டாவதற்குச் சரக்கு. மூன்றாவதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடை மிகையாக விட்டு, மிஞ்சிய அமிலத்தையும் நடுநிலையாக்கி, எஸ்டரையும் உடைத்தார்கள். பத்து நிமிடம்தான் மொத்தம். நடுவில் ஒரு வடிகட்டிகூட இல்லை.

அழகான வேலை. ஆனால் குப்பையை வாசலுக்கு வாசல் தள்ளிக்கொண்டே போனால் கடைசி வாசலில் யாராவது கூட்டித்தானே ஆக வேண்டும்? இரண்டாவது படியில் போட்ட ஐயோடின் சேர்மம் தன் வேலையை முடித்து ஐயோடோபென்சீனாகக் கூடவே வந்தது. கடைசியில் கழுவியபின் கிடைத்த கச்சாப் பொருள் 68 சதவீதம். மறுபடிகமாக்கி முடித்தபோது 51 சதவீதம். இடையில் கட்டாமல் விட்ட வரியை மொத்தமாகக் கடைசியில் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

2015ல் எம்ஐடியில் ஸ்னீடும் ஜேமிசனும் அதே மருந்தை மறுபடி எடுத்தார்கள். இவர்கள் அலுமினியம் குளோரைடையே போட்டார்கள். அது மலிவு, வேகம், கூடவே ஏகப்பட்ட சூடு. வெளிவந்த ஓட்டத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். அமிலம் இருப்பதால் அலுமினியம் கொழகொழவென்று ஹைட்ராக்சைடாக வீழாமல் நீரில் கரைந்தே நிற்கும். உடனே ஒரு சவ்வுப் பிரிப்பான். நீர் அடுக்கோடு அலுமினியம் போய்விட்டது, கீட்டோன் அடுத்த படிக்குப் போனது. மொத்தமாகக் குழாய்களுக்குள் பொருள் இருந்த நேரம் மூன்று நிமிடம். மணிக்கு எட்டு கிராம் போல மருந்து, மகசூல் 83 சதவீதம்.

இரண்டில் எது சரி என்று என்னிடம் கேட்டால், இரண்டாவது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே பிரிப்பான் வேலை செய்ததற்குக் காரணம் அது நல்ல பிரிப்பான் என்பது மட்டும் இல்லை. வெளியேற வேண்டியது முழுக்க நீருக்குப் போகும்படியும், வைத்துக்கொள்ள வேண்டியது முழுக்கக் கரிம அடுக்கில் இருக்கும்படியும் முன்னாடியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். மெக்குவேட் குழு செய்ததும் ஒருவகையில் அதே திட்டமிடல்தான்.

சரி, உங்கள் பிரிப்பானுக்கு வருவோம். அது ஏன் கசிகிறது?

உள்ளே இருப்பது டெஃப்லான் வகைச் சவ்வு. நீர் அதில் ஒட்டாது. கரிமக் கரைப்பான் அதன் நுண்துளைகளை நனைத்து மறுபக்கம் போகும். நீர் போகாமல் நிற்பது வெறும் பிடிவாதத்தால்தான். அந்தப் பிடிவாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. இரண்டு திரவங்களுக்கும் இடையே உள்ள இடைமுக இழுவிசையை இரண்டால் பெருக்கி, துளையின் ஆரத்தால் வகுத்தால் வருவதுதான் அதிகபட்சமாக நீர் தாங்கும் அழுத்தம். தொடுகோணத்தைப் பொறுத்து நிஜத்தில் இன்னும் குறையும். டொலுவீன்-நீர் இடைமுக இழுவிசை மீட்டருக்குச் சுமார் 36 மில்லிநியூட்டன். துளை விட்டம் ஒரு மைக்ரான் என்றால் ஆரம் அரை மைக்ரான். கணக்குப் போட்டால் 1.4 பார் வருகிறது. தாராளம். எத்தில் அசிட்டேட்-நீருக்கு அதே எண் 7க்கும் கொஞ்சம் குறைவு. கணக்கு 0.27 பாருக்கு இறங்கிவிடும். நீங்கள் அதில் டிஎச்எஃப் வேறு ஊற்றியிருக்கிறீர்கள். அது நீரோடும் உறவு, எத்தில் அசிட்டேட்டோடும் உறவு. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சண்டையைத் தீர்த்துவைக்கிற ஆள். நமக்கோ அந்தச் சண்டைதான் வேண்டும். இழுவிசை இன்னும் இறங்கி, பம்பின் ஒவ்வொரு துடிப்புக்கும் நீர் சவ்வைத் தாண்டி எட்டிப்பார்க்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அழுத்த வேறுபாடு மிகவும் குறைந்தால் கரிமப் பகுதி முழுவதும் சவ்வு வழியே போய் முடியாமல், மிச்சம் நீரோடு வெளியேறும். அதாவது கரிமம் ஓடி முடிக்கத் தேவையான அழுத்தத்துக்கு மேலேயும், நீர் உடைத்துப் போகும் அழுத்தத்துக்குக் கீழேயும் நீங்கள் நிற்க வேண்டும். டொலுவீனில் அந்த இடைவெளி ஒரு தெரு அகலம். உங்கள் கலவையில் வரப்பு அகலம். கரிம வாயிலில் நீர் வந்தால் அந்தப் பக்கத்துப் பின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நீர் வாயிலில் கரிமம் வந்தால் நீர்ப் பக்கத்தில் கூட்டுங்கள். எம்ஐடியில் யென்சன் ஆய்வகத்தில் தொடங்கி, பிறகு ஸைபுட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த பிரிப்பான்களில் இந்த அழுத்த வேறுபாட்டைத் தானே பிடித்துவைக்க உள்ளேயே ஒரு மெல்லிய டயஃப்ரம் இருக்கும். பின்னால் பம்போ குழாயோ மாறினாலும் அது சமாளிக்கும். அதுவும் 0.27 பார் வரப்பில் நடக்கக் கஷ்டப்படத்தான் செய்யும்.

சவ்வே வேண்டாம் என்றால் புவியீர்ப்பு இருக்கிறது. 2012ல் கேம்பிரிட்ஜில் லே என்ற வேதியியலாளரின் குழு ஒரு வேடிக்கையான அமைப்பைச் செய்தது. ஒரு கண்ணாடிக் குழாயில் இரண்டு அடுக்கும் தானாகப் பிரியும். இடைமுகத்தில் நிறமுள்ள ஒரு சின்ன மிதவை. எதிரே சாதாரண வெப்கேம். மிதவை ஏறினால் கணினி நீரை உறிஞ்சும் பம்பை வேகமாக்கும், இறங்கினால் மெதுவாக்கும். கைச்செலவு குறைந்த ஏற்பாடு. கல்லூரி ஆய்வகங்களுக்கு நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பால்மம் ஆகிப் பிரிய அடம்பிடிக்கும் கலவைக்கு மட்டும் ஆகாது.

இப்போது டொலுவீனுக்கு மாறினால் உங்களுக்கு என்னென்ன கிடைக்கிறது என்று பாருங்கள். பிரிப்பான் ஒழுங்காகிறது, அது ஒன்று. எத்தில் அசிட்டேட் கிரிக்னார்டோடு தானே வினைபுரியும், அதனால்தான் அதை ஆவியாக்க வேண்டியிருந்தது. டொலுவீன் அதனோடு சண்டைக்குப் போகாது, அப்படியே அடுத்த படிக்கு விடலாம். நீங்கள் வாங்க நினைத்த ஆவியாக்கி தேவையே இல்லை.

நீர் விஷயம் இன்னும் சுவாரசியம். பிரிப்பான் நூறு சதவீதம் சரியாக வேலை செய்தாலும் கரிம அடுக்கு நீரைக் கரைத்துக்கொண்டுதான் வரும். எத்தில் அசிட்டேட் அறை வெப்பத்தில் தன் எடையில் 3 சதவீதம் போல நீரைக் கரைக்கும். டொலுவீன் 0.05 சதவீதம் மட்டுமே. நீரை உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடை பத்து கிராம் நிரப்பிய குழாய் ஒன்றைப் பிரிப்பானுக்குப் பின்னால் வைப்பதாக வையுங்கள். பாதுகாப்பாக அது ஒரு கிராம் நீர் பிடிக்கும் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 2 மில்லி எத்தில் அசிட்டேட் ஓடினால் 54 மில்லிகிராம் நீர் வருகிறது. குழாய் 18 நிமிடத்தில் தீர்ந்தது. டொலுவீன் என்றால் நிமிடத்துக்கு ஒரு மில்லிகிராமுக்கும் கீழே. பதினாறு மணி நேரம் தாண்டும். ஒரே குழாய், ஒரே சல்லடை.

உங்கள் அமிலக் குளோரைடு டொலுவீனில் கரையவில்லை என்றால்? டைகுளோரோமீத்தேன் என்று கை போகும். இடைமுக இழுவிசை 28 அளவில் இருக்கிறது, பிரிப்பான் சந்தோஷமாக இருக்கும். ஆனால் கிரிக்னார்டுக்கு அது நல்ல துணை இல்லை, மறுபடி கரைப்பான் மாற்றும் தலைவலி. கொஞ்சம் சூடாக்கியோ, நீர்க்கச் செய்தோ டொலுவீனிலேயே ஓட்டிப் பாருங்கள். பம்பிலிருந்து கலப்பான் வரை குழாயை 40 டிகிரியில் வைத்தாலே பல அமிலக் குளோரைடுகள் கரைந்துவிடும்.

அடுத்து மிச்ச அமைன். இங்கே ரெசின் குழாய் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வினையில் அதற்கும் அவசியம் இல்லை. முதல் பிரிப்பானில் வெளியேறும் நீர் காரநீர். நீராற்பகுப்பில் உடைந்த அமிலக் குளோரைடு கார்பாக்சிலிக் அமிலமாகி, அதன் உப்பாக அதோடு போய்விடும். பிரிந்த டொலுவீனோடு ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை சம அளவில் சேர்த்து, ஒரு மில்லிமீட்டர் உள்விட்டக் குழாயில் ஒரு மீட்டர் ஓடவிட்டு, இரண்டாவது பிரிப்பானுக்கு அனுப்புங்கள். அந்த ஒரு மீட்டர் குழாயின் கொள்ளளவு 0.8 மில்லி. பன்னிரண்டு விநாடி. குறைவாகத் தோன்றலாம். ஆனால் மெல்லிய குழாயில் நீரும் கரிமமும் ரயில்பெட்டி மாதிரி மாறிமாறிப் போகும்போது ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் திரவம் சுழன்றுகொண்டே இருக்கும். பிரிபுனலில் கை வலிக்கக் குலுக்குவதைவிட நன்றாகவே கலக்கும். அமைன் முழுக்க உப்பாகி நீருக்குப் போகும், டொலுவீனில் அமைடு மட்டும் நிற்கும். ஒரு எச்சரிக்கை: முதல் பிரிப்பானிலிருந்து கார்பனேட் நீர் கசிந்து இரண்டாவதற்குள் போனால் கார்பன் டைஆக்சைடு குமிழி கிளம்பும். வாயு வந்தால் அழுத்தக் கணக்கெல்லாம் ஆடிப்போகும். இரண்டாவது பிரிப்பானில் குமிழி தெரிந்தால் குற்றவாளி முதலாவது.

எல்லா மாசும் இப்படி அமிலத்துக்கும் காரத்துக்கும் கட்டுப்பட்டு ஒரே கழுவலில் போய்விடாது. நடுநிலையான ஒரு மாசு, பாதி மனதோடு நீருக்குப் போகிறது என்று வையுங்கள். ஒரு பங்கு நீரால் கழுவினால் மூன்று பங்கு நீருக்கும் ஒரு பங்கு கரிமத்துக்குமாகப் பிரியும் என்றால், ஒரு கழுவலில் 25 சதவீதம் மிஞ்சும். அதே நீரை இரண்டாகப் பிரித்து இரண்டு தடவை கழுவினால் 16 சதவீதம். ஆனால் அதே அளவு நீரை எதிரோட்டமாக இரண்டு கட்டங்களில் விட்டால் 8 சதவீதத்துக்குக் கீழே, மூன்று கட்டங்களில் இரண்டரை சதவீதம். நீர் ஒரு துளிகூடக் கூடவில்லை.

எதிரோட்டம் என்றவுடன் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்காதீர்கள். கரும்பு ஆலைக்குள் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரும்பு முதல் மில்லிலிருந்து கடைசி மில்லுக்குப் போகும். தண்ணீரைக் கடைசி மில்லுக்குள் நுழையும் சக்கையின்மேல்தான் தெளிப்பார்கள். அதில் வரும் நீர்த்த சாற்றை அதற்கு முந்தைய மில்லின் சக்கையின்மேல் ஊற்றுவார்கள். சாறு முன்னோக்கி வர வரக் கெட்டியாகும், சக்கை பின்னோக்கிப் போகப் போக வறண்டுபோகும். சுத்தமான தண்ணீர் சந்திப்பது கிட்டத்தட்டக் காலியான சக்கையை. உங்கள் மேசைமேல் செய்ய வேண்டியதும் அதுவே. சுத்தமான நீர் கடைசிப் பிரிப்பானில் நுழையட்டும், வெளிவரும் நீர் முந்தையதற்குப் போகட்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தம் குறையும் என்பதால் நடுவில் பம்ப் வேண்டியிருக்கும். செலவு அங்கேதான்.

ரெசின் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன், அது எனக்குப் பிடித்த பகுதியும்கூட. லே குழுவின் பெயரை மேலே சொன்னேன். 2006ல் அவர்கள் ஆக்சோமாரிட்டிடின் என்ற தாவர ஆல்கலாய்டை ஏறக்குறைய முழுவதும் நிரப்பிய குழாய்களின் வழியே தொகுத்தார்கள். வினைபொருள்களே ரெசினில் ஒட்டியிருக்கும். புரோமைடு ஒரு குழாய்க்குள் போய் அசைடாக வரும். இன்னொரு குழாயில் ஆல்கஹால் ஆல்டிஹைடாகும். இரண்டும் பாஸ்பீன் ரெசினில் சேர்ந்து இமைனாகும். பாஸ்பீன் போட்டு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், கடைசியில் பாஸ்பீன் ஆக்சைடை விரட்டுவது எவ்வளவு எரிச்சல் என்று. சிலிக்காவில் எங்கு போனாலும் கூடவே வரும். இங்கே அது ரெசினிலேயே மாட்டிக்கொண்டது. பொருள் மட்டும் வெளியே வந்தது. வினையும் சுத்திகரிப்பும் ஒரே குழாயில் முடிந்துவிட்டன.

கணக்கு எளிது. ஆனால் பலர் போடுவதில்லை. கிராமுக்கு 3 மில்லிமோல் பிடிக்கும் ரெசின் 5 கிராம் என்றால் மொத்தம் 15 மில்லிமோல். 0.1 மோலார் கரைசல் நிமிடத்துக்கு ஒரு மில்லி போகிறது, அதில் மிச்ச அமைன் 0.2 மடங்கு என்றால் நிமிடத்துக்கு 0.02 மில்லிமோல் வருகிறது. 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம் தாங்கும். அது ஏட்டில். நிஜத்தில் ரெசினுக்குள் நுழைந்து பிடிபட நேரம் ஆவதால் முன்னதாகவே கசியத் தொடங்கும். நான் பாதியில் மாற்றிவிடுவேன். இரண்டு குழாய்களை இணையாக வைத்து, ஒன்று ஓடும்போது மற்றதைக் கழுவிப் புதுப்பிப்பது நல்ல வழக்கம்.

ரெசினில் நான் பட்டதைச் சொல்லாமல் போக முடியாது. முதல் தடவை பாலிஸ்டைரீன் ரெசினை உலர்ந்தபடியே கண்ணாடிக் குழாயின் வாய்வரைக்கும் அழுத்தி நிரப்பி, டைகுளோரோமீத்தேனைத் திறந்துவிட்டேன். குறுக்கிணைப்பு குறைந்த பாலிஸ்டைரீன் அதில் பல மடங்கு ஊதும் என்பது தெரியாமல் இல்லை. மறந்துபோனேன். அழுத்தமானி ஏறியது, மூடி தெறித்தது, ஹூட் கண்ணாடி முழுக்க மஞ்சள் மணிகள். அதற்கப்புறம் ரெசினை ஓடப்போகும் கரைப்பானிலேயே ஊறவைத்துத்தான் நிரப்புகிறேன். நேர்மாறான தவறும் உண்டு. மெத்தனாலிலோ நீரிலோ அதே ரெசின் ஊதவே ஊதாது, உள்ளே எதுவும் நுழையாது, மாசு அப்படியே ஹாயாக வெளியே வரும். அங்கே பெருந்துளை வகை ரெசின்தான் வேண்டும். இன்னொரு முறை அமில ரெசினால் மிச்ச அமைனைப் பிடிக்கப்போய், என் பொருளிலும் ஒரு பிரிடின் வளையம் இருப்பதைக் கவனிக்கவில்லை. வெளியே வந்தது வெறும் கரைப்பான். பயந்துவிட்டேன். பிறகு அமோனியா கலந்த மெத்தனால் விட்டதும் பொருள் இறங்கி வந்தது, முன்பைவிடச் சுத்தமாகவே. பிடித்துவைத்து விடுவிப்பது என்று இதையே ஒரு முறையாகச் செய்கிறார்கள் என்று பின்னால்தான் முறையாகப் படித்தேன்.

பல்லேடியம் போன்ற உலோக மிச்சத்துக்கு மட்டும் ரெசினுக்கு மாற்று இல்லை என்பது என் எண்ணம். தயோயூரியா ஏந்திய ரெசின் அதை இறுகப் பிடிக்கும். வாய்வழி மருந்தில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது மருந்துத் தர விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஎச்சின் வரையறை. கழுவிக் கழுவி அந்த அளவுக்குக் கொண்டுவருவது கஷ்டம்.

திண்மம் பற்றி ஒரு வார்த்தை. ஓட்டமுறையின் பரம எதிரி அதுதான். உங்கள் வினையில் கார்பனேட் நீருக்குப் பதிலாக டிரைஎத்தில் அமைன் போட்டிருந்தால் அதன் ஹைட்ரோகுளோரைடு உப்பு வெள்ளையாக வீழ்ந்து குழாயை அடைத்திருக்கும். நீர் அடுக்கை முதலிலிருந்தே வைத்துக்கொண்டது உங்கள் நல்ல முடிவு. டைஃபென்ஹைட்ரமின் என்ற ஒவ்வாமை மருந்தில் ஸ்னீடும் ஜேமிசனும் 2013ல் செய்தது இன்னும் துணிச்சல். வினை முடியும்போது பொருள் ஹைட்ரோகுளோரைடு உப்பாகவே வருகிறது. கரைப்பானே போடாமல், அந்த உப்பின் உருகுநிலைக்கு மேலே வெப்பத்தை வைத்து, உருகிய உப்பாகவே குழாய் வழியே ஓட்டிவிட்டார்கள். வெளியே வந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்த்து ஆறவைத்தால் படிகம்.

நேரக் கணக்குக்கு வருகிறேன், இதில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். சுருள் குழாயில் பொருள் கிட்டத்தட்ட வரிசையாகப் போகும். பிரிப்பான், ரெசின், கலக்கும் தொட்டி எதைச் சேர்த்தாலும் முன்னால் வந்ததும் பின்னால் வந்ததும் கலந்துவிடும். நன்றாகக் கலக்கும் ஒரு தொட்டியில் ஒரு மாற்றம் 95 சதவீதம் நிறைவேற அதன் தங்கும் நேரத்தைப்போல மூன்று மடங்கு ஆகும், 99 சதவீதத்துக்கு ஐந்து மடங்கு நெருங்கும். ஆகவே ஓட்டத்தைத் தொடங்கியவுடன் வருவதைச் சேகரிக்காதீர்கள், கழிவுக்கு விடுங்கள். அடுத்த படிக்குச் சேர்க்க வேண்டிய கிரிக்னார்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் விடாதீர்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அமைடு நீர்த்து வரும், கிரிக்னார்டு அநியாயமாக மிஞ்சும். லே குழு 2011ல் இதற்கு ஓட்டத்திலேயே ஐஆர் (அகச்சிவப்பு) கருவி ஒன்றை வைத்து, அது காட்டும் செறிவுக்கு ஏற்ப மூன்றாவது பம்பின் வேகத்தைக் கணினியால் ஏற்றி இறக்கியது. உங்களிடம் ஐஆர் இல்லாவிட்டால் யுவி (புறஊதா) கருவி போதும். அதுவும் இல்லாவிட்டால் கடிகாரமும் ஒரு மூவழி வால்வும் போதும்.

தொழிற்சாலை அளவில் இந்த வால்வுக்குச் சட்டப் பொருளே உண்டு. கெட்ட பகுதியை எப்போது திருப்பிவிட்டீர்கள், எதை வைத்து முடிவெடுத்தீர்கள் என்று எழுதிவைக்க வேண்டும். தொடர் உற்பத்திக்கான ஐசிஎச் க்யூ13 வழிகாட்டி 2022 நவம்பரில் இறுதியானபோது இதைப் பற்றி விரிவாகவே பேசியது.

படிகமாக்கலைத் தொடர் ஓட்டத்தில் செய்வது பற்றியும் கேட்டிருந்தீர்கள். முடியும். எலி லில்லி நிறுவனம் அயர்லாந்தின் கின்சேலில் பிரெக்ஸாசெர்டிப் என்ற புற்றுநோய் மருந்துப் பொருளை நாளுக்கு 3 கிலோ வீதம் 24 கிலோ செய்து 2017ல் வெளியிட்டது. எட்டுத் தொடர் செயல்கள். பிரித்தெடுத்தல், ஆவியாக்கல், படிகமாக்கல் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் அதற்குப் பின்னால் எத்தனை பொறியாளர்கள் இருந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். 2016ல் எம்ஐடி குழு குளிர்சாதனப் பெட்டி அளவு இயந்திரம் ஒன்றில் டைஃபென்ஹைட்ரமின், லிடோகெய்ன், டயசிபாம், ஃப்ளூவாக்ஸெட்டின் என நான்கு மருந்துகளைச் செய்தது. அதில்கூட வினைகள் குழாயில் ஓடின. கடைசிச் சுத்திகரிப்பு வீழ்படிவாக்கி, வடிகட்டி, மறுபடி கரைத்து, தொட்டியில் படிகமாக்குவதாகத்தான் இருந்தது. உங்கள் அளவில் கடைசிப் படிகமாக்கலை ஒரு குடுவையில் செய்வதில் எந்த வெட்கமும் இல்லை. இடைப்பட்ட படிகளில் குடுவை வேண்டாம் என்பதுதான் என் கட்சி. அங்கேதான் நேரமும் மகசூலும் போகிறது.

குரோமட்டோகிராபியைத் தொடர்ச்சியாகச் செய்யும் முறையும் உண்டு. பல குழாய்களை வளையமாக வைத்து, உள்ளே விடும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் வால்வுகளால் நகர்த்திக்கொண்டே போவது. குழாய்க்குள் நிரப்பிய பொருளே எதிர்த்திசையில் நகர்வது போன்ற விளைவு கிடைக்கும். பெட்ரோலியத் துறையில் 1960களில் வந்தது, பிறகு பாராசைலீனைப் பிரிக்கப் பயன்பட்டது, பின்னால் கைரல் மருந்துகளுக்கும் (ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான வடிவங்கள் கொண்டவை) வந்தது. உங்கள் கேள்விக்கு அது கொசுவுக்குப் பீரங்கி.

கிரிக்னார்டுக்குப் பிறகு மறுபடி ஒரு கழுவல் வருமே, அங்கேயும் அலுமினியக் கதையை மறக்காதீர்கள். வெறும் நீரை விட்டால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வீழ்ந்து அடைக்கும். நீர்த்த அமிலம் விடுங்கள், உப்பு கரைந்தே போகும். சூடு கிளம்பும் என்பதால் கலப்பானை ஐஸ் தொட்டியில் வையுங்கள். கிரிக்னார்டோடு டிஎச்எஃப் வந்திருக்கும், இடைமுக இழுவிசை மறுபடி இறங்கும். இங்கே மூன்றாவது சவ்வுப் பிரிப்பானோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் மேலே சொன்ன கண்ணாடிக் குழாயும் மிதவையும் போதும். கீட்டோன் எப்படியும் அடுத்ததாகக் குடுவைக்குத்தான் போகிறது.

டொலுவீனுக்கு மாறிய முதல் நாள் வினைபொருள் எதையும் விடாதீர்கள். ஒரு பக்கம் வெறும் டொலுவீன், மறுபக்கம் ஒரு துளி நீல உணவுச் சாயம் கலந்த கார்பனேட் நீர். இரண்டையும் 2 மில்லி வேகத்தில் ஓடவிட்டு, கரிம வாயிலில் வருவதை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் குப்பியில் பிடியுங்கள். அரைமணி நேரம் நீலம் தெரியாவிட்டால் அமிலக் குளோரைடை ஏற்றலாம். தெரிந்தால், எத்தனையாவது நிமிடத்தில் வந்தது, அப்போது இரண்டு வாயில்களிலும் அழுத்தம் எவ்வளவு என்று குறித்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.